மூத்தது போட்ட துணி

லாலாகூடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருக்கும் எட்வினுக்கு ஒரு வியாதி உண்டு. எது வருவதாக இருந்தாலும், அது வருவதற்கு முன்னால் அதற்கு வேண்டிய சாமான் முழுக்க எடுத்து வைக்கப்பட்டிருக்க வேண்டும். பழுதுபார்க்க ரயில் பெட்டி உள்ளே வருகிறதென்றால், முந்தின நாளே பின், புஷ், வாஷர் எல்லாவற்றையும் ஓர் இரும்புத் தட்டில் சிறிதிலிருந்து பெரிது வரை அடுக்கி, மேலே ஒரு துணியைப் போர்த்திவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவான். கூட வேலை செய்யும் கிருஷ்ணகுமார் அந்தத் தட்டைப் பார்க்கும்போதெல்லாம், "சீர்வரிசை ரெடி, மாப்ளைய வரச் சொல்லு" என்பார். எட்வின் சிரித்துக்கொள்வானே தவிர, தட்டை அடுக்காமல் இருக்க மாட்டான். பெட்டி வந்து நின்ற பிறகு வாஷரைத் தேடுகிறவனைக் கண்டால் அவனுக்கு ஆகாது.

அப்படிப்பட்டவன் வீட்டில் மனைவி ஜெஸ்ஸிக்கு மாதம் நிறைந்துவிட்டது. பிறக்கப்போகிற பிள்ளைக்கென்று வீட்டில் ஒரு முழத் துணி கிடையாது. காசில்லாமல் அல்ல, மறதியாலும் அல்ல. வாங்கக் கூடாது என்பது ஜெஸ்ஸியின் உத்தரவு.

"புள்ள அழற சத்தம் எங் காதுல விழற வரைக்கும் இந்த வாசப்படிக்குள்ள ஒண்ணும் வரக் கூடாது. ஒரு சாக்ஸ் கூட வரக் கூடாது. வந்துச்சுன்னா நான் வெளிய பூடுவேன்" என்று அவள் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள்தான். எட்வின் தலையை ஆட்டினான். ஆட்டுவது சுலபமாக இருந்தது. அதற்குப் பிறகு சும்மா உட்கார்ந்திருப்பதுதான் அவனைக் கொன்றது.

அந்த உத்தரவுக்குக் காரணமும் அவன்தான்.

முதல் பிள்ளை சமயத்தில் ஆசை தீர வாங்கினான். ஜெனரல் பஜாரில் சட்டைகள், மோண்டா மார்க்கெட்டில் ரப்பர் ஷீட்டும் கொசுவலையும், அக்கா ஆக்னஸ் தன் கையால் பின்னிய மஞ்சள் ஸ்வெட்டர். ஜெஸ்ஸியை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வீட்டுக்கு ஓடி வந்து, எல்லாவற்றையும் கட்டிலின் மேல் அடுக்கினான். தொப்பி, அதற்குப் பக்கத்தில் சட்டை, சட்டைக்குப் பக்கத்தில் நாடா வைத்த முக்கோணத் துணிகள், கால் பக்கத்தில் சாக்ஸ். மேலே ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்தினான். பிள்ளை மூச்சில்லாமல் பிறந்தது. கழுத்தில் கொடி சுற்றிக்கொண்டிருந்தது, யார் மேலும் தப்பில்லை என்று டாக்டரம்மா சொன்னார். பெண் குழந்தை. ஆஸ்பத்திரித் துணியிலேயே சுற்றிக் கொண்டுபோய் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு வந்தான்.

ஜெஸ்ஸியை வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று கதவைத் திறந்துவிட்டவனும் எட்வின்தான். கட்டிலில் அடுக்கியது அடுக்கியபடியே இருந்தது. எடுத்து வைக்க வேண்டும் என்று அந்த மனுஷனுக்குத் தோன்றவே இல்லை. ஜெஸ்ஸி அழவில்லை. வெள்ளைத் துணியை விலக்கிப் பார்த்தாள். பெட்டியிலிருந்து நீலக் கோடு போட்ட போர்வையை எடுத்து விரித்து, ஒன்று விடாமல் மூட்டையாகக் கட்டினாள். வெளியே போனாள், வெறுங்கையோடு திரும்பினாள். யாரிடம் கொடுத்தாய் என்று அவன் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அந்தப் பிள்ளையைப் பற்றி இருவருக்கும் நடுவில் பேச்சே இல்லாமல் போனது. யாராவது பிள்ளைகுட்டி எத்தனை என்று கேட்டால் எட்வின், "இன்னும் இல்லீங்க" என்று முடித்துக்கொள்வான். அதிலே ஒரு சௌகரியம் இருந்தது. மேற்கொண்டு யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

ஆஷாட மாதம். விட்டு விட்டு ஒரு சாரல், ஈரம் காயாத லைன் வீடுகள், எங்கோ போனாலு அம்மன் திருவிழாவுக்கு மேளம் பழகுகிற சத்தம். ஞாயிற்றுக்கிழமை ஆக்னஸ் உப்பலிலிருந்து மெட்ரோ பிடித்து, கையில் கருவாட்டுக் குழம்புத் தூக்கோடு வந்தாள். உப்பலில் ஒரு மருந்துக் கம்பெனியில் பாட்டிலுக்கு லேபிள் ஒட்டுகிற வேலை அவளுக்கு. அம்மா போன பிறகு தம்பிக்கு அம்மா ஸ்தானம் தனக்குத்தான் என்று அவளாகவே எடுத்துக்கொண்டாள். ஜெஸ்ஸிக்குத் தாய்வீடு என்று சொல்லிக்கொள்ள துபாயில் இருக்கிற ஓர் அண்ணன் மட்டும்தான். அதனால் ஆக்னஸின் அதிகாரத்துக்குப் போட்டியும் இல்லை.

ஜெஸ்ஸிக்குக் கருவாடு ஏறவில்லை. பச்சிப் புலுசு கரைத்துவைத்திருந்தாள். பச்சைப் புளித்தண்ணீரில் வெங்காயமும் மிளகாயும் நசுக்கிப் போட்டது. அதைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"புளியக் குடிச்சுக்கினே இரு" என்றாள் ஆக்னஸ். "ஏண்டி, கேக்கறேன்னு கோச்சிக்காத. இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கற. புள்ள பொறந்தா எதுல சுத்துறது? தெலுகு பேப்பர்லயா?"

"பொறக்கட்டும் அண்ணி. கடை இன்னா ஓடியா பூடும்?"

"கடை ஓடாது. புள்ள காத்துக்கினு இருக்குமா? எங்கப்பன் பஜாருக்குப் போயிக்கிறான், வர்ற வரைக்கும் குளுரத் தாங்கிக்கிறேன்னு சொல்லுமா? ரெண்டு சட்ட, ஒரு தொப்பி, படுக்கப்போட ஒரு ரப்பர் சீட்டு, தொடைக்க நாலு பழைய வேட்டி. மழ நாளு, ஈரம் காயாது. எத்தினி துணி இருந்தாலும் பத்தாது."

ஜெஸ்ஸி சோற்றைப் பிசைந்தாள். எட்வின் கருவாட்டு முள்ளைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தான்.

ஆக்னஸ் குரலை இறக்கினாள். "புதுசு வாணாம், நானும் அதான் சொல்றேன். நம்ம வூட்டு வழக்கமே அதான? மொதத் துணி புதுசா இருக்கக் கூடாது. மூத்தது போட்டுப் பழசானதா இருக்கணும். இவன் பொறந்தப்ப எஞ்சட்டையத்தான் மாட்டிவுட்டாங்க. பொம்பளப் புள்ள கவுனு, இவன் ஆம்பள, அப்பவும் அதான். போன தபா மூத்ததுன்னு ஒண்ணு இல்லாங்காட்டி எல்லாமே புதுசா..."

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே உறைத்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டு அவசரமாக வேறு பக்கம் திரும்பினாள். "எங்க கம்பெனில சுமலதான்னு ஒரு பொண்ணு. மூணு புள்ள, மூணும் குண்டு குண்டா இருக்குது. அதுங்க போட்ட பழைய சட்ட ரெண்டு கேட்டு வாங்கியாரட்டுமா?"

"வாணாம் அண்ணி. அடுத்த வூட்டுப் புள்ள துணி எம் புள்ளைக்கு வாணாம்."

"புதுசும் வாணாம், பழசும் வாணாம்னா எப்பிடி? மூத்தது துணிக்கு நான் எங்க போவேன்? நம்ம வூட்ல மூத்தது ஏது?"

ஜெஸ்ஸியின் கை நின்றது. எட்வினைப் பார்த்தாள். அவன் ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்த மாதிரி இருந்தது அந்தப் பார்வை. அவன் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பாதிச் சோற்றோடு எழுந்துபோய்க் கை கழுவினாள். குழாய்த் தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

கிளம்பும்போது ஆக்னஸ் தம்பியை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். "அவதான் பயந்துக்கினு கெடக்கறா. நீயாச்சும் யோசிடா. ஆஸ்பத்திரில துணி கேட்டா பேந்தப் பேந்த முழிப்பியா?"

எட்வின் யோசித்தான். யோசித்த லட்சணம் என்னவென்றால், வாசப்படிக்குள் வரக் கூடாது என்றுதானே ஜெஸ்ஸி சொன்னாள், ஒர்க்‌ஷாப் லாக்கர் வாசப்படிக்குள்ளா இருக்கிறது என்பதுதான். மறுநாளே வேலை விட்டதும் மோண்டா மார்க்கெட்டுக்குப் போனான். ஒரு நாள் சட்டை, இன்னொரு நாள் மெத்து மெத்தென்ற முக்கோணத் துணிகள், பிறகு தொப்பி, ரப்பர் ஷீட், பாலாடை. எல்லாம் லாக்கருக்குப் போயிற்று. லாக்கரில் ஏற்கெனவே இருந்தது கிரீஸ் டப்பா, பழைய பூட்ஸ், வேர்வை ஊறிய காக்கிச் சட்டை. மீன் விற்கிறவருக்கு மீன் வாசம் தெரியாது. எட்வினுக்குத் தன் லாக்கரில் ஒரு வாசமும் தெரியவில்லை. ஒவ்வொன்றாக அடுக்கி வைத்து, கதவைச் சாத்தியபோது அவனுக்கு வெகுநாளைக்குப் பிறகு நிம்மதியாக மூச்சு வந்தது. அதே சமயம் மனைவிக்குத் தெரியாமல் செய்கிறோமே என்று நெஞ்சு குறுகுறுத்தது. இரண்டையும் சேர்த்தே பூட்டினான்.

அந்தப் பூட்டின் இன்னொரு சாவி கிருஷ்ணகுமாரிடம் இருந்தது. அவர் சாப்பாட்டு டப்பா வைப்பதும் அதே லாக்கரில்தான். ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டுக்கு மணி அடித்ததும் முழங்கை வரை கிரீஸோடு வந்தவர், லாக்கரைத் திறந்து கைக்கு அகப்பட்ட வெள்ளைத் துணியை எடுத்து விரல் விரலாகத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"எட்வினு, ஸ்டோர்ஸ்காரனுக்கு நல்ல புத்தி வந்துடுச்சுய்யா. வெண்ணெ மாதிரி இருக்குது துணி. இத்தினி வருச சர்வீஸ்ல இந்த மாதிரி வேஸ்ட் காட்டன நான் பார்த்ததில்ல."

எட்வின் திரும்பிப் பார்த்தான். அவர் கையில் முக்கோணமாய் ஒரு துணி, இரண்டு பக்கமும் நாடா தொங்குகிறது, நடுவில் கரேலென்று ஐந்து விரலும் பதிந்திருக்கிறது.

பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்த சலீம்தான் முதலில் கத்தினான். "அரே கிருஷ்ணா அண்ணா, அது வேஸ்ட் இல்ல! பச்சப் புள்ளைக்குக் கட்டற துணி!"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எட்வின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. அவன் வீட்டில் என்ன நடந்தது என்று செக்‌ஷனில் எல்லாருக்கும் தெரியும். கிருஷ்ணகுமார் கையிலிருந்த துணியைக் கீழே போடவும் தெரியாமல் வைத்துக்கொள்ளவும் தெரியாமல் நின்றார்.

"வீட்ல வெக்கக் கூடாதாய்யா இத?" என்றார்.

"வீட்ல வாணாம்னுட்டா அண்ணே. புள்ள அழுதப்புறந்தான் எல்லாம்னுட்டா. எனக்குத்தான் கை சும்மா இருக்கல."

"அந்தப் பொண்ணு சொல்றது நியாயம்" என்றார் கிருஷ்ணகுமார். கொஞ்சம் பொறுத்து, "ஒங் கை சும்மா இருக்காதுங்கறதும் நெசந்தான்" என்றார். இரண்டு பெண்களைப் பெற்றவர். சாப்பிடாமல் எழுந்து, துணியை மண்ணெண்ணெயில் அலசி, சோப்புப் போட்டுக் கசக்கி, காற்றடிக்கும் குழாயின் மேல் காயப்போட்டார். கறை போயிற்று. மண்ணெண்ணெய் வந்து உட்கார்ந்துகொண்டது.

சலீம் எட்வினுக்குப் பக்கத்து வீட்டுக்காரன். ஏதோ சொல்ல வாயெடுத்தவன், ரொட்டியை மென்று விழுங்கினான். "நக்கோ பாய், வாணாம். எதுக்கு இவ்ளோ டென்ஷன்? ஆண்டவன் பார்த்துப்பான். ஒண்ணும் கம்மியாவாது, உடு" என்றான். ஆறுதலுக்குச் சொல்கிறான் என்று எட்வின் நினைத்துக்கொண்டான்.

அந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. பின்பக்கக் கதவைத் திறந்த எட்வின், சலீம் வீட்டுக் கொடியில் சின்னச் சின்ன வெள்ளைச் சட்டைகள் காய்வதைப் பார்த்தான். சலீமின் மனைவி சபீனா கிளிப் மாட்டிக்கொண்டிருந்தாள். அவள் இதே லைனில் பிறந்து வளர்ந்தவள். தமிழ், தெலுங்கு, உருது மூன்றையும் ஒரே வாக்கியத்தில் போட்டுக் கிளறுவாள். அவள் பிள்ளைகள் இரண்டும் காலேஜுக்குப் போகிற வயசு.

"யார் புள்ளது பாபி?"

"என் பஹன், தங்கச்சி பாப்பாது" என்றாள் சபீனா, அவனைப் பார்க்காமலே. "துவைச்சுக் குடுன்னா. ஹவ், சரி, குடுக்கறேன்னேன்."

தன் கண்ணில் மட்டும் இதெல்லாம் ஏன் படுகிறது என்று எட்வின் உள்ளே வந்துவிட்டான். ஜெஸ்ஸி அடுப்பங்கரையில் உட்கார்ந்து கோங்குராக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். விரல் நுனியெல்லாம் தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்தது. எதைத் துவைத்தாள் இவள் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. கேட்கவில்லை.

கடைசிச் செக்கப்புக்குப் போன அன்று ஆஸ்பத்திரி பெஞ்சில் பக்கத்தில் இருந்த அம்மாள் தமிழ்க்காரி. பேச்சுக்கு ஆள் கிடைத்த சந்தோஷத்தில், "மொதக் கொழந்தைங்களா?" என்று கேட்டாள். எட்வின் வழக்கம்போல, "ஆமாங்க" என்றான். ஜெஸ்ஸி எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள். தண்ணீர்க் குழாயடியில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றவளை நர்ஸ் பேர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் எட்வின் தேடிக் கண்டுபிடித்தான். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஆட்டோவில் அவள் முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டே வந்தாள். வலி எடுக்கிறதோ என்று எட்வின் பயந்தான். வலிதான். எந்த வலி என்று அவனுக்குத் தெரியவில்லை.

போனாலு ஞாயிற்றுக்கிழமை. ஊரே தலையில் பானையும் வேப்பிலையுமாகத் தெருவில் இறங்கியிருந்த காலையில் ஜெஸ்ஸிக்கு இடுப்பு வலி கண்டது. எட்வின் ஆட்டோ பிடித்து, சந்து சந்தாகச் சுற்றி, ஆஸ்பத்திரியில் சேர்த்தான். ஆக்னஸ் மெட்ரோவில் வந்து சேர்ந்தாள். ஜெஸ்ஸியை உள்ளே அழைத்துப்போன கொஞ்ச நேரத்தில் நர்ஸம்மா கதவைத் திறந்து தலையை நீட்டினாள்.

"ஜெஸ்ஸி ஆள் எவரு? பாப்பகு பட்டலு இவ்வண்டி. துணி, துணி."

ஆக்னஸ் தம்பியைப் பார்த்தாள். "முழி. நான் சொன்னப்பவே முழிச்சிருக்கலாம்."

"அக்கா, இருக்குது. எடுத்தாந்துடறேன்" என்று எட்வின் ஓடினான்.

ஒர்க்‌ஷாப் ரொம்பத் தூரமில்லை. லீவு நாளானாலும் கேட்டில் இருந்தவர் தெரிந்தவர். விஷயத்தைச் சொன்னதும், "போ போ" என்று உள்ளே விட்டார். லாக்கரைக் காலி செய்து ஒரு பையில் திணித்துக்கொண்டு எட்வின் திரும்பினான். வழியில் ஊர்வலம் மறித்தது. மேளம் காதைப் பிளந்தது. அம்மனுக்குக் காவலாக வேஷம் கட்டி, உடம்பெல்லாம் மஞ்சள் பூசிய போத்துராஜு சாட்டையைச் சுழற்றிக்கொண்டு ஆடினான். எட்வின் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "பாப்ப துணி, பாப்ப துணி, தாரி இவ்வண்டி" என்று கத்திக்கொண்டே புகுந்தான். பானை சுமந்த பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒரு கிழவர் அவன் நெற்றியில் மஞ்சளை அப்பி அனுப்பினார்.

மூச்சிரைக்க வந்தவன் கையிலிருந்த பையை ஆக்னஸ் வாங்கித் திறந்தாள். திறந்த வேகத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அடப்பாவி, இன்னாடா இது? புள்ளைக்கா, இஞ்சினுக்கா?"

எட்வின் ஒரு சட்டையை எடுத்து முகர்ந்து பார்த்தான். அப்போதுதான் அவன் மூக்குக்கும் எட்டியது. கிரீஸ், இரும்பு, மண்ணெண்ணெய். நர்ஸம்மா வந்து பார்த்துவிட்டு, "இதி வத்து, வேற கொண்டாங்க" என்று கதவைச் சாத்தினாள். எட்வின் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். ஊரில் எவன் செய்யாத முட்டாள்தனத்தையெல்லாம் தேடிப் பிடித்துச் செய்கிறோமே என்று அவனுக்கு ஆத்திரமாக வந்தது. அன்றைக்கு வேண்டாதபோது எல்லாம் தயாராக இருந்தது. இன்றைக்கு வேண்டும், கையில் இருப்பது எதற்கும் உதவாது. கண்ணில் நீர் கட்டியது. ஆக்னஸ் அதைப் பார்த்துவிட்டுத் திட்டுவதை நிறுத்தினாள்.

"கடைங்க தெறந்திருக்காதே இன்னைக்கு" என்று அவள் செருப்பை மாட்டும்போதுதான், படியேறி சபீனா வந்தாள். ரோடு முழுக்க அடைத்துவிட்டதால் நடந்தே வந்திருந்தாள். புர்காவின் தோளெல்லாம் சாரலும் ஊர்வலத்து மஞ்சளும். கையில் ஒரு மூட்டை.

"உள்ள பூட்டாளா? கேட்டாங்களா? இந்தா, குடு" என்றாள்.

நீலக் கோடு போட்ட போர்வை. எட்வினுக்கு அதைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. ஆக்னஸ்தான் அவிழ்த்தாள். உள்ளே சட்டைகள், தொப்பி, நாடா வைத்த துணிகள், எல்லாம் வெயிலும் சோப்பும் மணந்தன. புதுத் துணியின் விறைப்பு ஒன்றிலும் இல்லை. காலர் ஓரமெல்லாம் நைந்து, எத்தனையோ பிள்ளை போட்டுக் கழற்றிய மாதிரி தளர்ந்திருந்தன. அடியில் ஒரு மஞ்சள் ஸ்வெட்டர். ஆக்னஸ் அதை எடுத்துத் திருப்பினாள். கடைசிப் பொத்தான் வேறு நிறத்தில் இருந்தது.

"இது நான் போட்டது" என்றாள். "பொத்தான் ஒண்ணு கொறஞ்சிதுன்னு என் ஜாக்கெட்டுல இருந்து பிச்சு வெச்சேன்."

"ஹவ், உன்னுதுதான்" என்றாள் சபீனா. "அன்னைக்கு எடுத்தாந்து என் கையில குடுத்தா. தூக்கிப் போட்டுடு அக்கான்னா. எப்பிடிப் போடறது? ட்ரங்குல வெச்சேன். கொஞ்ச மாசம் கழிச்சு வந்து, இருக்குதான்னு கேட்டா. இருக்குதுன்னேன். எடுத்து மடியில வெச்சுக்கினு அழுதா. அப்பறம் ரெண்டு பேரும் ஒக்காந்து துவைச்சோம். அழுக்கே இல்ல, எதுக்கு துவைக்கறதுன்னு கேட்டேன். மூத்தது போட்டிருந்தா இன்னேரம் எத்தினி தபா துவைச்சிருப்பேன் அக்கான்னா. அன்னையில இருந்து அதே வேலைதான், மத்தியானம் நீங்க வேலைல இருக்கும்போது. துவைச்சு, காய வெச்சு, மடிச்சு, திரும்பத் துவைச்சு. சலீமுக்குத் தெரியும். சொல்லக் கூடாதுன்னுட்டா."

ஆக்னஸ் ஸ்வெட்டரை முகத்தில் வைத்துக்கொண்டாள். நம்ம வீட்டில் மூத்தது ஏது என்று தான் கேட்டது அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். தோள் குலுங்கியது. எட்வின் அந்தச் சட்டைகளைத் தொட்டுப் பார்த்தான், கையில் கிரீஸ் இருக்கிறதோ என்று பயந்து எடுத்துக்கொண்டான். நர்ஸம்மா திரும்பவும் வந்து மூட்டையைப் பார்த்தாள், முகர்ந்தாள், வாங்கிக்கொண்டு போனாள். கொஞ்ச நேரம் மேளச் சத்தம் மட்டும் தூரத்தில் கேட்டது. அதற்குள்ளிருந்து, மேளத்தையும் மீறிக்கொண்டு, கோபமான ஒரு சின்னக் குரல் கிளம்பிற்று. சபீனா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாய்க்குள் என்னவோ ஓதினாள். ஆக்னஸ் சிலுவை போட்டுக்கொண்டாள். எட்வினுக்கு இரண்டும் வரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

சாயங்காலம் வார்டில் விட்டார்கள். ஜெஸ்ஸி வெளிறிப் போய்ப் படுத்திருந்தாள். பக்கத்தில் நைந்த வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக ஒரு சிவந்த உருண்டை. பெண் குழந்தை. எட்வின் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். மனசில் இருந்ததையே கேட்டான்.

"எங்கிட்ட ஏன் சொல்லல ஜெஸ்ஸி?"

"சொன்னா நீங்க கட்டில் மேல அடுக்கிடுவீங்க."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அன்னைக்கு நான் எல்லாத்தையும் எடுத்து வெச்சிருக்கணும். நீ வர்றதுக்கு முன்னாடி."

"ஆமா. வெச்சிருக்கணும்" என்றாள். அதற்குமேல் அவனைக் குத்தவில்லை. மூத்தவளைப் பற்றி இருவரும் பேசிய முதல் பேச்சு அதுதான். பிறகு அவளே குழந்தையின் காலரை நீவிக்கொண்டு சொன்னாள்: "அண்ணி கேட்டாங்க இல்ல, நம்ம வூட்ல மூத்தது ஏதுன்னு? நீங்களும் சும்மா இருந்தீங்க. மூத்தவ இருக்கறா. போடலதான். போட்டுப் பழசாக்க அவளால முடியல. அவளுக்காக நாங்க பண்ணோம். இது அக்கா சட்டை. தங்கச்சி போட்டிருக்கறா, அவ்ளோதான்."

எட்வின் கண்ணைத் துடைத்துக்கொண்டான். புறங்கையால் துடைத்ததில் காலையில் கிழவர் அப்பிய மஞ்சள் கன்னமெல்லாம் இழுத்துக்கொண்டது. ஜெஸ்ஸிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வலிக்கிறதென்று அடக்கிக்கொண்டாள்.

"அது இன்னா பை, காலுக்கடியில ஒளிச்சு வெச்சிருக்கீங்க?"

அவன் தயங்கித் தயங்கி எடுத்துக் கொடுத்தான். அவள் ஒரு துணியை மூக்கருகே கொண்டுபோனாள். "உங்க காக்கிச் சட்ட நாத்தம்" என்றாள். கோபித்துக்கொள்வாள் என்று அவன் காத்திருந்தான். அவள் துணியை மடித்துப் பைக்குள் வைத்தாள். "சபீனாக்கா கிட்ட குடுங்க, சீயக்காய் போட்டு ஊற வெக்கட்டும். இவ ஒண்ணுக்கு அடிக்கற வேகத்துக்கு அக்கா துணி மட்டும் பத்தாது. நாளைக்கு வூட்டுக்குள்ள கொண்டாந்துடுங்க."

அடுத்த கட்டிலுக்குத் துணையிருந்த பெண் இத்தனை நேரமும் இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கும்பகோணத்துப் பக்கம் பேச்சு. எழுந்து வந்து குழந்தையை எட்டிப் பார்த்து, "மஹாலட்சுமியாட்டம் இருக்கா. மொதக் கொழந்தையா சார்?" என்றாள்.

வழக்கமான பதில் எட்வினின் நாக்கு நுனி வரை வந்தது. ஜெஸ்ஸி அவனைப் பார்க்கவில்லை. குழந்தையின் தொப்பி நாடாவைச் சரிசெய்துகொண்டிருந்தாள். சரியாகத்தான் இருந்தது அந்த நாடா.

"இல்லீங்க" என்றான் எட்வின். "ரெண்டாவது. மூத்ததும் பொண்ணுதான்."

ஜெஸ்ஸி நாடாவை விட்டுவிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.